போர்க்கால விமானங்கள், வண்டிகள், ஆயுதங்கள்: பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதிரி விமானமும் வண்டியும் செய்யப் பழக்கி வருகிறேன். அவர்களும், அவர்களைக் கூட்டி வரும் தாய் தகப்பன்மாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து வடிவமைப்புகள். ஒன்றை நல்ல வடிவமைப்பு என்று சொல்ல நான் பார்ப்பது இரண்டு விஷயம். கையில் இருந்த பொருளையும் ஆட்களையும் வைத்து அதைச் செய்ய முடிந்ததா? பழுதானால், களைத்துப் போன ஒரு சாதாரண ஆள் அதைத் திருத்த முடிந்ததா?

இவ்வளவு பட்ட பிறகும் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குப் போர் விமானம் செய்யப் பழக்குவது சரியா?

இதைக் கேட்பவர்கள் அநேகமாக அம்மாமார். கேட்க வேண்டிய கேள்விதான். இவை ஆட்களைக் கொல்லச் செய்த இயந்திரங்கள். அதைப் பிள்ளைகளிடம் நான் மறைப்பதில்லை. ஒரு விமானத்தைப் பூட்டி முடித்ததும் அது எங்கே என்ன செய்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் இந்த ஊருக்கு வடிவமைப்பு புதிதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு விளக்காக்கி, இரவு முழுக்கப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணிவிட்டு, மண்ணெண்ணெயில் ஏ-40 காரை ஓட்டினார்கள். அந்த மூளை எப்படி வேலை செய்தது என்று பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும் என்றுதான் இதைச் செய்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் எங்கள் பக்கம் வந்ததா?

வந்தது. பலாலி ஓடுபாதையே அந்தப் போருக்காகப் பிரித்தானிய விமானப்படை அமைத்ததுதான்.

சண்டை நடந்தது கொழும்பிலும் திருகோணமலையிலும். 1942 ஏப்ரல் 4ஆம் தேதி கொக்கலையில் இருந்து கிளம்பிய ஒரு கட்டலினா கடல் விமானம், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அதை ஓட்டியவர் லெனார்ட் பேர்ச்சால் என்ற கனடியர். சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன் செய்தியை அனுப்பிவிட்டார். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. 9ஆம் தேதி திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. விமானந்தாங்கியாகவே வரைபடம் போட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல்களில் அது ஒன்று. இன்றைக்கும் சுழியோடிகள் அதைப் பார்க்கப் போகிறார்கள். திருகோணமலைப் பக்கம் போகிறவர்கள் சீனக்குடா எண்ணெய்க் குதங்களையும், நிலாவெளி வீதியில் உள்ள போர்க்கால மயானத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஸ்பிட்ஃபயர் ஏன் இவ்வளவு பெயர் பெற்றது? அழகு மட்டும்தானா?

எல்லாப் பிள்ளைகளும் முதலில் கேட்பது இந்தப் பிரித்தானியப் போர் விமானத்தைத்தான். அதன் இறக்கை மேலிருந்து பார்த்தால் நீள்வட்டமாக இருக்கும். அழகுக்காக யாரும் அப்படி வரையவில்லை. வேகத்துக்கு இறக்கை மெல்லியதாக இருக்க வேண்டும். அதே இறக்கைக்குள் சக்கரமும் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளும் அடங்கவும் வேண்டும். நீள்வட்ட இறக்கை அடிப்பக்கத்தில் அகலமாக இருந்து நுனியில்தான் சட்டென்று குறுகும். அதனால் மெல்லிய இறக்கையிலும் இடம் கிடைத்தது. காற்றின் இழுவையும் குறைந்தது.

இதை வடிவமைத்த ஆர். ஜே. மிட்செல் 1936 மார்ச் 5 அன்று அது முதன்முதலாகப் பறந்ததைப் பார்த்தார். அடுத்த வருடமே புற்றுநோயில் இறந்துபோனார். வயது 42. தன் விமானம் போரில் என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாது. அவரோடு வேலை செய்த ஜோசப் ஸ்மித் அதைத் தொடர்ந்து மாற்றியமைத்துக்கொண்டே போனார். மொத்தம் 20,000க்கு மேல் செய்தார்கள்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது பட்டாணிப் பருப்பு விஷயம். விமானத்தின் தகடுகளை ரிவெட் ஆணி அடித்துத்தான் பொருத்துவார்கள். ஆணித் தலை வெளியே உருண்டையாகத் தெரிந்தால் காற்றுத் தடுக்கும். தலையை உள்ளே பதித்துத் தட்டையாக அடித்தால் நல்லது, ஆனால் அதற்கு நேரமும் காசும் அதிகம் செல்லும். எங்கே தட்டை ஆணி கட்டாயம், எங்கே உருண்டை ஆணி போதும்? முதலில் செய்த சோதனை விமானத்தின் தட்டை ஆணிகளின் மேல் உடைத்த பட்டாணியை ஒவ்வொன்றாக ஒட்டிப் பறக்கவிட்டார்கள். பிறகு பகுதி பகுதியாகப் பருப்பைப் பெயர்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் வேகத்தை அளந்தார்கள். இறக்கையில் தட்டை ஆணி கட்டாயம் வேண்டும், உடம்பின் பின்பக்கத்தில் உருண்டை ஆணி பரவாயில்லை என்று தெரிந்தது. கடையில் வாங்கிய பருப்பால் தொழிற்சாலையில் எவ்வளவு வேலை மிச்சமானது என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் ஹரிக்கேன் இரண்டாம் தரமா?

இல்லை. ஹரிக்கேனைக் குறைத்துப் பேசினால் நான் விட மாட்டேன். 1940இல் பிரித்தானிய வானத்தில் நடந்த சண்டையில் ஸ்பிட்ஃபயரைவிட ஹரிக்கேன்தான் எண்ணிக்கையில் அதிகம். சிட்னி காம் வடிவமைத்த அந்த விமானத்தின் பின்னுடம்பு, உருக்குக் குழாய்ச் சட்டத்தின் மேல் மரக் கட்டைகளும் துணியும் கொண்டது. குண்டு துளைத்துக்கொண்டு மறுபக்கம் போனால் துணியை ஒட்டி, சாயம் பூசி, திரும்பவும் பறக்க விடலாம். ஸ்பிட்ஃபயரின் தகட்டு உடம்பில் அதே ஓட்டையைத் திருத்த தனிப் பயிற்சி வேண்டும்.

கொழும்பையும் திருகோணமலையையும் காக்க எழும்பியவையும் பெரும்பாலும் ஹரிக்கேன்கள்தான். அன்று அவை நிறைய அடி வாங்கின. எதிரே வந்தது ஸீரோ.

ஸீரோ அவ்வளவு பலமான விமானமா?

1942 நடுப்பகுதி வரை ஆம். ஜிரோ ஹொரிக்கோஷி வடிவமைத்தது, 1939 ஏப்ரலில் முதலில் பறந்தது. ஜப்பானியக் கடற்படை அவரிடம் கேட்டதெல்லாம் ஒன்றுக்கொன்று முரணானவை: தூரம் போக வேண்டும், சட்டென்று திரும்ப வேண்டும், வேகமும் வேண்டும். இயந்திரமோ 1,000 குதிரைவலுவுக்கும் குறைவு. அவருக்கு இருந்த ஒரே வழி எடையைக் குறைப்பது. புதிதாக வந்த இலேசான அலுமினியக் கலவையைப் பாவித்தார். அதற்கு மேலும் குறைக்க வேண்டியிருந்ததால், விமானிக்குக் கவசத் தகடு வைக்கவில்லை. குண்டு பட்டால் தானே ஓட்டையை அடைத்துக்கொள்ளும் எண்ணெய்த் தாங்கியும் வைக்கவில்லை. கழற்றிவிடும் தாங்கியோடு 3,000 கிலோமீட்டர் பறந்தது. ஆனால் தாங்கியில் ஒரு குண்டு பட்டாலே எரிந்தது.

1942 ஜூனில் அலாஸ்காவுக்கு அருகே அகுட்டான் தீவில் ஒரு ஸீரோ சதுப்பு நிலத்தில் இறங்கிக் கவிழ்ந்தது. அமெரிக்கர் அதை எடுத்துத் திருத்திப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். வேகம் கூடினால் அது உருள்வதற்குச் சிரமப்படுகிறது, மூக்கைச் சட்டென்று கீழே குத்தினால் இயந்திரம் இடறுகிறது என்று தெரிந்துவிட்டது. விமானி உயிரோடு திரும்பினால்தான் அடுத்த தரம் இன்னும் நன்றாக ஓட்டுவான். ஸீரோவின் வரைபடத்தில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நல்ல விமானிகள் போகப் போக, விமானமும் விழுந்தது.

இந்த வேலையில் பெண் பொறியியலாளர் யாரும் இருந்தார்களா?

ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. பதில் பியாட்ரிஸ் ஷில்லிங்.

ஸ்பிட்ஃபயருக்கும் ஹரிக்கேனுக்கும் ஒரே மெர்லின் இயந்திரம். அதில் எரிபொருளைக் காற்றோடு கலந்து கொடுக்கும் காபரேட்டர் இருந்தது. விமானி மூக்கைத் திடீரென்று கீழே தள்ளினால் மிதவை அறையில் எரிபொருள் மேலே எழும்பி, முதலில் இயந்திரம் பட்டினி கிடக்கும், அடுத்து அளவுக்கு மீறி எரிபொருள் புகுந்து மூச்சடைத்துப் போகும். ஜெர்மன் விமானத்தில் எரிபொருளைப் பீச்சும் முறை இருந்ததால் அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் தலைகுப்புறப் பாய்ந்து தப்பிவிடுவார்கள். பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற எவருக்கும் காபரேட்டர் 'ஓவர்ஃப்ளோ' ஆவது என்ன என்று தெரியும். அதே நோய்தான்.

ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் இருந்த ஷில்லிங் கண்டுபிடித்த மருந்து, நடுவில் துளையுள்ள ஒரு சின்ன உலோக வில்லை. இயந்திரம் முழு வலுவில் ஓடத் தேவையான அளவு எரிபொருள் மட்டுமே போகும்படி துளையைக் கணக்கிட்டார். அதைக் குழாயில் பொருத்த விமானத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. 1941இன் தொடக்கத்தில் அவரும் அவருடைய ஆட்களும் விமானத் தளம் தளமாகப் போய்ப் பொருத்திக் கொடுத்தார்கள். அவர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓடியவர், மெக்கானிக்கின் மூளை அவருக்கு இயல்பாகவே இருந்தது. நோய் முழுதாகத் தீர்ந்தது பின்னால் வந்த வேறு காபரேட்டர்களால்தான். ஆனால் அதுவரை விமானிகளைக் காப்பாற்றியது அந்த வில்லை.

மரத்தால் செய்த போர் விமானம் உண்மையா?

உண்மை. டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் மொஸ்கிட்டோ. 1940 நவம்பரில் முதலில் பறந்தது. இரண்டு பர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே இலேசான பால்சா மரம் வைத்து ஒட்டிய உடம்பு. அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு இருந்த நேரத்தில் கதிரை, அலுமாரி செய்யும் பட்டறைகளால் இதன் பாகங்களைச் செய்ய முடிந்தது. எங்கள் தச்சு வேலைக்காரர்களுக்கு இதைச் சொன்னால் கண் விரியும். 7,700க்கு மேல் செய்தார்கள்.

உடம்பை நீளவாக்கில் இரண்டு பாதியாகச் செய்து, உள்ளே வயரும் குழாயும் எல்லாம் பூட்டிவிட்டுத்தான் இரண்டையும் சேர்த்து ஒட்டுவார்கள். பிள்ளைகள் பெட்டியில் வாங்கும் பிளாஸ்டிக் மாதிரியும் அப்படித்தான், அதனால் இதைச் செய்யும்போது உண்மையான தொழிற்சாலை வேலையையே செய்கிறார்கள். ஆரம்பத்தில் பாவித்த பால்புரதப் பசை ஈரத்துக்கு ஆகாது. பின்னர் செயற்கைப் பசைக்கு மாறினார்கள். இந்தியா, பர்மா வெக்கையும் மழையும் மர விமானத்தைக் கடுமையாகச் சோதித்தன.

டைகர் டாங்கியா, டி-34ஆ?

பையன்கள் எல்லாரும் ஜெர்மன்காரரின் டைகர் என்பார்கள். 57 தொன் எடை, 88 மில்லிமீட்டர் பீரங்கி, நேருக்கு நேர் நின்றால் பயங்கரம். ஆனால் மொத்தம் 1,347தான் செய்தார்கள். அதன் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். உள்ளே இருக்கும் ஒரு சக்கரம் பழுதானால், வெளியே இருக்கும் பலவற்றைக் கழற்ற வேண்டும். ரஷ்யக் குளிரில் அந்த இடுக்குகளில் சேறு உறைந்து இறுகிப்போகும்.

சோவியத் டாங்கியான டி-34 வேறு மாதிரி. மிகாயில் கோஷ்கின் குழு வடிவமைத்தது. முன் தகட்டின் தடிப்பு 45 மில்லிமீட்டர்தான். ஆனால் நிமிர்ந்து நிற்காமல் 60 பாகை சாய்ந்திருக்கும். நேராக வரும் குண்டு அதைத் துளைத்துப் போக 90 மில்லிமீட்டர் உருக்கைக் கடக்க வேண்டும். கொப்பிப் புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்து அடிமட்டத்தால் அளந்து பாருங்கள், கணக்கு விளங்கும். கூடுதல் எடை இல்லாமல் இரட்டைக் கவசம். அகலமான சங்கிலித் தடங்கள் சேற்றிலும் பனியிலும் புதையாது. போர் முடிவதற்குள் 50,000க்கு மேல் வெளியே வந்தன.

குறைகளும் உண்டு. உள்ளே இடம் நெருக்கம், வெளியே பார்வை சரியில்லை, ஆரம்பகால கியர்ப்பெட்டி அடிக்கடி உடைந்தது. தொழிற்சாலைகளையே யூரல் மலைப்பக்கம் தூக்கிக்கொண்டு போய், பெண்களையும் பதின்ம வயதுப் பிள்ளைகளையும் வேலைக்கு வைத்துச் செய்த டாங்கி அது. கோஷ்கின் 1940 மார்ச் குளிரில் முதல் டாங்கிகளோடு ஹார்க்கிவில் இருந்து மொஸ்கோவுக்குப் போனார். அந்தப் பயணத்தில் பிடித்த நிமோனியாவால் அதே வருடம் செப்டம்பரில் இறந்தார்.

ஜீப்பில் என்ன புதுமை?

1940இல் அமெரிக்க இராணுவம் நிறுவனங்களைக் கூப்பிட்டு, மாதிரி வண்டிக்கு 49 நாள் தவணை கொடுத்தது. பான்டம் என்ற சிறிய நிறுவனத்துக்காகக் கார்ல் புரோப்ஸ்ட் வரைந்து கொடுத்தார். பெரிய அளவில் செய்தவை வில்லிஸும் ஃபோர்டும். போர் முடியும்போது 6 இலட்சத்துக்கு மேல்.

முகப்பு விளக்கைப் பாருங்கள். அது கீல் வைத்துப் பொருத்தியது. மரை ஒன்றைத் தளர்த்தி அப்படியே பின்னால் திருப்பினால், வெளிச்சம் இயந்திரத்தின் மேல் விழும். இரவில் நடு வழியில் வண்டி நின்றால் ரோர்ச் தேட வேண்டாம், ஒரு கையை அதற்கே கொடுக்கவும் வேண்டாம். இருட்டில் நின்று திருத்தப்போகிறவனை நினைத்துத்தான் ஒருவர் அதை வரைந்திருக்கிறார்.

இவை எல்லாவற்றிலும் உங்களுக்குப் பிடித்த வடிவமைப்பு எது?

சுடாத ஒன்று. ஜெரி கான் என்கிற 20 லீற்றர் எரிபொருள் கான். ஜெர்மன்காரர் 1930களின் பிற்பகுதியில் செய்தது.

மேலே மூன்று கைபிடிகள். ஏன் மூன்று? நிறைந்த கானை ஒருவர் நடுப்பிடியில் தூக்கலாம். பாரமாக இருந்தால் இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரப்பிடியைப் பிடிக்கலாம். வெறும் கான் என்றால் இரண்டின் ஓரப்பிடிகளைச் சேர்த்து ஒரே கையில் பிடித்து, ஒருவரே நான்கைக் கொண்டுபோகலாம். வரிசையாக நின்று கை மாற்றுவதற்கும் தோதானது. உடம்பு இரண்டு தகட்டு அச்சுகளை ஒட்டுவைத்தது, ஒட்டு உள்வாங்கி இருப்பதால் அடிபடாது. பக்கத்தில் பெருக்கல் குறிபோல் பள்ளம் அழுத்தியிருக்கும். வெயிலில் எரிபொருள் விரியும்போது தகடு உப்ப இடம் அது. மூடிக்குத் திருகு இல்லை, நெம்புபிடியைத் தட்டினால் திறக்கும். உள்ளே ஒரு சிறு காற்றுக்குழாய் இருப்பதால் ஊற்றும்போது குடக் குடக் என்று துள்ளாமல் ஒரே சீராக ஓடும். நிறைத்தாலும் மேலே காற்று மிஞ்சும், அதனால் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும்.

பிரித்தானியரிடம் அப்போது இருந்தது மெல்லிய தகரக் கான். வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் அவர்களுடைய பெற்றோலில் பெரும் பங்கு மணலுக்குப் போனது. ஜெர்மன் கான் கையில் அகப்பட்டதும் அதைப் பார்த்து அப்படியே செய்தார்கள். போர் முடியுமுன் நேச நாடுகள் மில்லியன் கணக்கில் செய்துவிட்டன. ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற ஊரில், ஒரு துளி சிந்தாத கானின் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

பலாலிக்கு இதில் ஏதாவது வந்து இறங்கியதா?

டகோட்டா. 1935இல் டி.சி.-3 என்ற பயணிகள் விமானமாகப் பிறந்தது. போருக்காகத் தளத்தைப் பலப்படுத்தி, பக்கத்தில் அகலக் கதவு வைத்தார்கள். அந்த இராணுவ வகையில் மட்டும் 10,000க்கு மேல் செய்யப்பட்டன. பர்மாக் காட்டில் சுற்றி வளைக்கப்பட்ட படைகளுக்கு உணவும் மருந்தும் போட்டது இதுதான். போர் முடிந்ததும் மலிவாகக் கிடைத்ததால் புதிய விமானச் சேவைகள் வாங்கின. எயார் சிலோனின் முதல் பயணம் 1947 டிசம்பர் 10 அன்று, டகோட்டாவில்தான் நடந்தது: இரத்மலானை, பலாலி, சென்னை. 2019இல் பலாலி திரும்பவும் சர்வதேச விமான நிலையமாகி சென்னைக்கு விமானம் போனபோது, அந்தப் பழைய வழியே திறந்தது.

நேச நாட்டுப் படைகளின் தளபதியாக இருந்த ஐசனோவர் தன் நினைவுகளில், வெற்றிக்கு மிக முக்கியமானவை என்று புல்டோசர், ஜீப், இரண்டரைத் தொன் லொறி, டகோட்டா ஆகிய நான்கையும் சொல்லி, இவற்றில் ஒன்றுகூடச் சண்டைக்கென்று வடிவமைத்தது அல்ல என்கிறார். பையன்கள் டைகரைப் பற்றியே கதைக்கும்போது நான் இதைத்தான் வாசித்துக் காட்டுவேன்.

சத்தத்தையே ஆயுதமாக்கினார்கள் என்பது உண்மையா?

ஆம். ஸ்டூக்கா என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தின் சக்கரக் கால்களில் சிறு விசிறியால் சுழலும் ஊதல் பொருத்தியிருந்தார்கள். செங்குத்தாகப் பாயும்போது அது அலறும். கீழே இருப்பவர்களைப் பயமுறுத்துவது ஒன்றே அதன் வேலை. பின்னர் பலவற்றில் கழற்றிவிட்டார்கள், அது வேகத்தைக் குறைத்தது.

பொம்மர் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய தலைமுறை இன்னும் எங்களோடு இருக்கிறது. அந்த ஊதலை வடிவமைப்புத் திறமை என்று நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லித் தர மாட்டேன்.

எங்கள் ஊர்ப் போரில் வந்த விமானங்களையும் ஆயுதங்களையும் ஏன் செய்வதில்லை?

அவற்றின் கீழே செத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் என் மேசையில் இருக்கிறார்கள். அதற்கு வேறு இடமும் வேறு பேச்சும் வேண்டும்.

காணி துப்புரவாக்கும்போது பழைய ஷெல்போல ஒன்று கிடைத்தது. எடுத்து வைக்கலாமா?

தொடவே வேண்டாம். துருப்பிடித்தால் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். துருப்பிடித்தது இன்னும் ஆபத்து. வந்த காலடியிலேயே திரும்பிப் போய், இடத்துக்குத் தூரத்திலிருந்து அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. வடக்கில் கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களின் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் பந்து போனாலும் போகட்டும்.

பிள்ளைக்கு மாதிரி விமானம் வாங்கித் தர விரும்புகிறோம். எதில் தொடங்குவது?

1/72 அளவு ஸ்பிட்ஃபயர். இறக்கை நுனிக்கு நுனி 15.6 சென்ரிமீட்டர், படிக்கும் மேசையிலேயே செய்து முடிக்கலாம். பாகங்களைச் சட்டத்தில் இருந்து முறுக்கிப் பிடுங்காமல் நகவெட்டியால் வெட்டுங்கள். பசை போடுவதற்கு முன் ஒருமுறை சும்மா பொருத்திப் பாருங்கள். பசை குறைவாக, யன்னல் திறந்த அறையில். விமானியின் கண்ணாடி மூடிக்கு மட்டும் வேறு பசை, பிளாஸ்டிக் பசை அதை மங்கலாக்கிவிடும். மாரி காலத்தில் சாயம் காய ஒரு நாள் கூடுதலாக விடுங்கள். செய்து முடித்ததைக் காருக்குள்ளோ தகரக் கூரைக்குக் கீழோ வைக்காதீர்கள். எங்கள் சித்திரை வெயிலுக்கு இறக்கை வளைந்துவிடும்.